தென்னாப்பிரிக்காவின் நடாலுக்குப் போன கொள்ளுத்தாத்தா: கப்பல் பட்டியலில் ஒரே பெயரில் பலர், எங்கள் ஆளைப் பிரிப்பது எப்படி?

கேள்வி:
கொள்ளுத்தாத்தா பெயர் முனுசாமி. 1890களில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலியாக டர்பன் போய், அங்கேயே இறந்தவர். நடால் கப்பல் பட்டியலில் இந்தப் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சொந்த ஊர் யாருக்கும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில் 1:
பெயரை விடுங்கள், காலனி எண்ணைத் தேடுங்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. பட்டியலில் அதை ஒட்டியே தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும். அவர் பிள்ளைகளின் பிறப்பு, திருமணப் பதிவுகளிலும் அவருடைய இறப்புப் பதிவிலும் பெரும்பாலும் அந்த எண்ணையே எழுதியிருப்பார்கள். அதனால் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

சொத்து ஏதும் விட்டுப்போயிருந்தால் நடாலின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர ஆவணக் காப்பகத்தில் எஸ்டேட் கோப்பு, அதாவது இறந்தவரின் சொத்துக் கோப்பு, இருக்க வாய்ப்புண்டு. அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். காப்பகத்தின் இணைய அட்டவணையில் கோப்பின் விவரம் மட்டுமே தெரியும். கோப்பின் படம் FamilySearch தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நேரில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பதில் 2:
எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. முனுசாமி, முனிசாமி, மூன்சாமி மூன்றும் ஒருவரே ஆகலாம். முழுப்பெயரைப் போட்டுத் தேடாமல் Mun, Moon என்று தொடக்கத்தை மட்டும் மாற்றி மாற்றித் தேடுங்கள். தென்னாப்பிரிக்காவில் தகப்பன் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிடுவது வழக்கம். உறவினர் இன்று 'முனுசாமி' என்று போட்டுக்கொண்டால் அது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயர். அவருடைய தகப்பன் பெயர் வேறு.

1866 முதல் 1874 வரை நடாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது, 1911-இல் அடியோடு நின்றது. குடும்பத்தார் சொல்லும் ஆண்டு இந்த இடைவெளியில் விழுந்தால் அந்த ஆண்டு தவறு, அல்லது அவர் ஒப்பந்தத்தில் வரவில்லை. சொந்தச் செலவில் வந்தவர்களை இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

கேட்டவர்:
மகனின் திருமணப் பதிவில் எண் கிடைத்தது, மிக்க நன்றி! அதை வைத்துக் கப்பல் பட்டியலில் பார்த்தால் ஜில்லா வட ஆற்காடு, தாலுக்கா சித்தூர் என்றிருக்கிறது. ஆனால் அதில் எழுதியுள்ள கிராமம் வேலூர்ப் பக்கம் இல்லவே இல்லை.

பதில் 1:
இருக்காது. சித்தூர் தாலுக்கா வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து, 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலை எடுத்து, அந்தத் தாலுக்கா ஊர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத பெயர் காதுக்குப் பிடிபடும். தெலுங்கு உச்சரிப்பையும் கணக்கில் வையுங்கள்.

பதில் 3:
ஊர் தெரிந்ததும் நிலப் பதிவேட்டுக்கு ஓடாதீர்கள். கப்பலேறியவர்களில் நிறையப் பேர் கூலிக்காரர்கள், பட்டா அவர்கள் பெயரில் இருந்திருக்காது. கிராமப் பிறப்புப் பதிவும் பெரிதாக உதவாது. மதராஸ் மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-இல்தான் வந்தது. தகப்பன் பெயர், சாதி, தெரிந்தால் குலதெய்வம், இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கோயில் பூசாரியையும் ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள். 'கப்பலுக்குப் போனவர் வீடு' என்று கேட்டுப்பாருங்கள். அவர்கள் சொல்லும் தகப்பன் பெயர் பட்டியலோடு ஒத்துப்போகாத வரை உறவை உறுதியென்று எழுதிவைக்காதீர்கள்.