மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்களின் ஆவணங்கள்: உதவி தேவை

வணக்கம் உறவுகளே. இலங்கையில் 1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின்னர், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வடக்கே வன்னியின் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களின் வரலாற்றைப் பல்கலைக்கழக ஆவணக்காப்பகம் ஒன்றில் சேர்ப்பதற்கு முயன்று வருகிறேன். என் அம்மாயியும் அவ்வாறு வந்தவரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கி இதே வன்னிக் காட்டினூடாக நடந்து, வழியிலேயே பலரை வாந்திபேதிக்குப் பறிகொடுத்த தொழிலாளரின் பேரப்பிள்ளைகள், பின்னர் அந்தக் காட்டையே வெட்டிக் குடியேறிய கதையை எழுதாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

தகரத் துண்டு (தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்குக் கொடுத்த அடையாளத் தகடு), தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ், மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழான விண்ணப்பம், இந்தியாவுக்குச் சென்ற உறவினரின் கடிதம் என எது இருந்தாலும் அறியத்தாருங்கள். உங்கள் வீட்டிலேயே ஸ்கான் செய்து, மூலப்பிரதியை உடனே உங்கள் கையில் தருவேன். 2009 இல் இறுதிப் போரில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் எம்மிடையே பலர் என்பதால், வாய்மொழி நினைவுகளையும் அதே மதிப்புடன் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

காணிப் பத்திரம் இல்லாதவர்களின் பெயர் வெளிப்பட்டால் அவர்களுக்குத் தீங்கு நேருமோ என்ற அச்சம் எனக்குண்டு. ஆகவே, நேர்காணலுக்கான ஒப்புதல் படிவத்தை எளிய தமிழில் தயாரித்த அனுபவமுள்ளவர்கள், எதைப் பொதுப் பார்வைக்கு விடலாம், எதை மூடிவைக்க வேண்டும் என்று வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும். கிளிநொச்சி மாவட்டத் தருமபுரம் பக்கத்து முதியவர்களை அறிந்தவர்கள் தயவுசெய்து முதலில் எழுதுங்கள்.