குடலில் எண்டோமெட்ரியோசிஸ்: ஆபரேஷன் பண்ணினா ஆயுசுக்கும் பையா?

கீழக்கரை லாத்தா:
தங்கச்சிமடம் தாசன் நேத்து எழுதுனது இது: "கர்ப்பப்பை வியாதி குடலுக்குப் போயிட்டா குடலை வெட்டுவாங்க. வெட்டுனா ஆயுசுக்கும் வயித்துல மலம் சேர்ற பைதான்." யாரு தம்பி சொன்னா? எண்டோமெட்ரியோசிஸ்னா கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே, குடல் மாதிரி இடத்துல வளர்றது. நான் சர்ஜரி வார்டுல வேலை பார்த்தவ. நெறைய பேருக்குப் பையே கிடையாது. வெட்டுன குடலைச் சேர்த்துத் தைக்கிற இணைப்பு மலக்குடல்ல ரொம்பக் கீழே விழுந்தாலோ, பிறப்புறுப்புச் சுவரையும் சேர்த்துத் தச்சிருந்தாலோ, தையல் ஆறுற வரைக்கும் சில மாசம் பை வைப்பாங்க. அப்புறம் பையை எடுத்துட்டு அந்த வழியை மூடிடுவாங்க.

தங்கச்சிமடம் தாசன்:
"சில மாசம் பை"ன்னு நீங்களே சொல்லிட்டீங்க லாத்தா. ஆகப் பை உண்டு. நன்றி, வணக்கம்.

கீழக்கரை லாத்தா:
நான் கேட்டது "ஆயுசுக்கும்" எங்கேர்ந்து வந்துச்சுன்னு. படிக்கத் தெரியும்ல? எல்லாருக்கும் குடலைத் துண்டா வெட்டுறதும் இல்ல. மேலே படிஞ்சதை மட்டும் சீவி எடுக்கலாம். சின்னதா, சுமார் 3 செ.மீ.க்குள்ள இருந்தா அந்த வட்டத்தை மட்டும் எடுத்து ஸ்டேப்ளர் போடலாம். பெருசா இருந்து குடலை நெரிச்சாலோ, ரெண்டு மூணு இடத்துல இருந்தாலோதான் ஒரு துண்டை எடுத்துட்டு இணைப்பாங்க.

பாம்பன் அலை:
எங்க மதினி கடல்ல பாசி எடுக்கப் போறவங்க. தூரமான நாள்ல வெளிக்கி இருக்கவே உயிர் போகுதாம். மூலம்னு சொல்லியே வருஷக்கணக்கா மருந்து குடுத்தாங்க. கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடுமா லாத்தா?

கீழக்கரை லாத்தா:
அதை மட்டும் எடுத்தா குடல்ல இருக்கிறது அங்கேயேதான் இருக்கும்மா. முதல்ல இந்த வியாதி பார்த்துப் பழகினவங்ககிட்ட பிறப்புறுப்பு வழியா பாக்கிற உள்வழி ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எடுங்க. குடல் அடைப்பு இல்ல, இப்போதைக்குப் பிள்ளைக்கும் பாக்கலேன்னா டயனோஜெஸ்ட் மாதிரி ஹார்மோன் மாத்திரையிலயே பல பேருக்கு வலி அடங்குது. எடுத்ததும் கத்தியைத் தூக்க வேண்டியதில்ல.

மண்டபம் மாமா:
பிரான்ஸ்ல 60 பொம்பளைங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. சீவி எடுத்தாலும் துண்டா வெட்டினாலும் 2 வருஷம் கழிச்சுக் குடல் வேலை செய்யறதுல பெரிய வித்தியாசம் தெரியலையாம். யாரும் படிக்கிறதில்ல, பேச மட்டும் வந்துடறீங்க.

தங்கச்சிமடம் தாசன்:
வித்தியாசம் இல்லேன்னா ரெண்டுலயும் பைதான்னு அர்த்தம் 😄

கீழக்கரை லாத்தா:
அட ஆண்டவனே! அந்தக் கணக்கு மலம் போறது, அடக்க முடியறது பத்தினது. பயப்படணும்னா தையல் கசியறதுக்குப் பயப்படு. குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல ஓட்டை விழலாம். நரம்புல அடிபட்டு மூத்திரம் போக முடியாமலும் ஆகலாம். டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது இதெல்லாம். நீ பைக்குள்ளயே நின்னுக்கிட்டிரு.

மண்டபம் மாமா:
எதுக்கு வாதம்? மதுரைக்கு ரயிலேறிப் போய்க் காட்ட வேண்டியதுதானே.

தங்கச்சிமடம் தாசன்:
ரயில்னதும் ஞாபகம் வருது மாமா. 2022 டிசம்பர்ல பாம்பன் பாலத்துல ரயில் நின்னப்ப, ஒரு வருஷத்துல ஓடிடும்னு இதே லாத்தாதான் அடிச்சு எழுதுனாங்க. புதுப் பாலம் திறந்து ஓடுனது 2025 ஏப்ரல்ல. இவங்க சொல்ற "சில மாசம்" எம்புட்டு நீளம்னு பாத்துக்கோங்க.

மண்டபம் மாமா:
அதுவரைக்கும் எங்க ஸ்டேஷன்ல வந்து ஏறுனீங்களே, ஒரு வார்த்தை நன்றி சொன்னீங்களா?

தங்கச்சிமடம் தாசன்:
ஸ்டேஷன் உங்க அப்பன் வீட்டுதா?

பாம்பன் அலை:
மதினிக்கு எம்.ஆர்.ஐ. எங்க எடுக்கிறதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

கீழக்கரை லாத்தா:
தனியா எழுதும்மா, சொல்றேன். இங்க இவங்க ரயில் விட்டு முடிக்கட்டும். தாசா, "ஆயுசுக்கும்"கிறதை அழிச்சியா இல்லையா?

தங்கச்சிமடம் தாசன்:
அழிக்க மாட்டேன். முதல்ல உங்க ரயில் பதிவை அழிங்க.