மூச்சு முட்டி வந்தவர்களும் கட்டிலோர ஸ்கேனும்: உங்கள் அனுபவம்?

கேஷுவாலிட்டி டாக்டர், மண்டபம் பக்கம்:

நடுராத்திரி, "இளைப்பு" என்று கூட்டி வந்தார்கள். பாம்பன் மீனவர், அறுபதைத் தாண்டியவர், பீடி உண்டு. படுக்கச் சொன்னால் படுக்க மாட்டேன் என்கிறார். கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருக்கிறார். மகன் கையில் பழைய சீட்டு, அதில் ஆஸ்துமா என்று எழுதியிருக்கிறது. நெஞ்சில் ரெண்டு பக்கமும் விசில் சத்தம். நெபுலைசர் வைத்தும் தணியவில்லை.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ப்ரோபை நெஞ்சில் வைத்தேன். ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் நுரையீரலின் உறையான ப்ளூராவுக்குக் கீழே படுக்கைக் கோடுகள்தான், அதாவது ஏ-லைன், தெரியும். இவருக்கோ ப்ளூராவில் கிளம்பித் திரையின் அடிவரை இறங்கும் வெள்ளைக் கோடுகள். ஒரு விலா இடுக்கிலேயே மூன்றுக்கு மேல், ரெண்டு பக்கமும். பி-லைன். இதயத்துக்கு நகர்த்தினால் உடம்புக்கு ரத்தம் தள்ளும் இடது வென்ட்ரிக்கிள் சுருங்கவே யோசிக்கிறது. நீர் கோத்தது நுரையீரலில், கோளாறு இதயத்தில். நீரை வெளியேற்ற லாசிக்ஸ், ரத்தக்குழாயைத் தளர்த்த நைட்ரோகிளிசரின், அழுத்தத்தோடு காற்று தரும் சிபாப் மாஸ்க். விடிவதற்குள் முழு வாக்கியமாகப் பேசினார். முதல் கேள்வி, "டேய், வள்ளத்தை யாருடா கட்டுனது?"

ஜூனியர்களுக்கு ஒன்று. பி-லைன் பார்த்ததும் ஹார்ட் ஃபெயிலியர் என்று எழுதிவிடாதீர்கள். நிமோனியாவிலும், தழும்பேறிய நுரையீரலிலும், கடலில் மூழ்கித் தூக்கி வந்தவரிடமும் அதே கோடுதான் வரும். 2008-ல் லிக்டென்ஸ்டைனும் மெஸியேரும் வெளியிட்ட ப்ளூ புரோட்டோகால், அதாவது நுரையீரல் ஸ்கேனை வைத்து மூச்சுத்திணறலின் காரணம் தேடும் முறை, 260 நோயாளிகளில் 90.5 சதவீதம் சரியாகச் சொன்னது. மிச்சம் இருக்கிறதே, அது நம் கேஷுவாலிட்டிக்கும் வரும்.

கீழக்கரையிலிருந்து:

எனக்கு வந்தது சங்கு குளிக்கிற தம்பி. கம்ப்ரசர் ஓஸில் மூச்சு வாங்கி இறங்கியவர், பயந்துபோய் மூச்சை அடக்கியபடியே மேலே ஏறியிருக்கிறார். வலது நெஞ்சில் குத்தல், மேமூச்சு. எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகப் பயமாக இருந்தது. வலப்பக்கம் ப்ளூரா வழுக்கும் அசைவே இல்லை. அசைவை நேரத்தோடு கோடாகக் காட்டும் எம்-மோடில் மேலே அலை, கீழே மணல் மாதிரி தெரிய வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெறும் படுக்கைக் கோடுகள். நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் காற்று புகுந்திருக்கும் என்று சந்தேகம். பழைய டி.பி.யில் ப்ளூரா ஒட்டியிருந்தாலும் அசைவு இருக்காது, அதனால் ப்ரோபைப் பக்கவாட்டில் நகர்த்தித் தேடினேன். ஓரிடத்தில் அசைவு வந்து வந்து போனது. லங் பாயிண்ட், அதாவது காற்று புகுந்த இடம் முடிந்து நுரையீரல் நெஞ்சுச் சுவரைத் தொடும் எல்லை. அதற்குப் பிறகுதான் காற்றை வெளியேற்ற நெஞ்சில் டியூப் போட்டோம். குளியாட்கள் வந்தால் கைகால் மரத்துப் போகிறதா, பேச்சு குழறுகிறதா என்றும் கேளுங்கள். காற்று ரத்தத்தில் ஏறியிருந்தால் அது வேறு கதை.

தொண்டிப் பக்கம், ஸ்டாஃப் நர்ஸ்:

எங்களிடமும் மெஷின் இருக்கு சார், பிரசவப் பகுதியில் பூட்டி வச்சிருக்கு. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கிற 1994 சட்டப்படி ஒவ்வொரு மெஷினும் பதிவாகணும், நினைச்ச இடத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. சட்டம் வேண்டியதுதான், நான் குறை சொல்லலை. ஆனா மூச்சு முட்டுறவரை அந்த ரூமுக்கு எப்படிக் கொண்டுபோறது? கேஷுவாலிட்டிக்குன்னே தனி மெஷின் பதிவு பண்ணி வாங்கினவங்க இருந்தா, யாரிடம் மனு கொடுத்தீங்க, என்னென்ன பேப்பர் கேட்டாங்கன்னு எழுதுங்க.