4 டிபி டிஸ்க்கில் 2048 ஜிபிக்கு மேல் பிரிக்க முடியவில்லை (பழைய கோர் 2 டுவோ)

கேள்வி:
வணக்கம். எங்கள் ஸ்டூடியோவில் இன்னும் ஓடுவது கோர் 2 டுவோ மெஷின்தான், விண்டோஸ் 7. நெகட்டிவ் ஸ்கேனர் இதில் மட்டும்தான் வேலை செய்கிறது, அதனால் மெஷினை மாற்ற மனம் வரவில்லை. ஸ்கேன் செய்த படங்களை வைக்க 4 டிபி டிஸ்க் வாங்கி சாட்டா கேபிளில் மாட்டினேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 2048 ஜிபி ஒரு துண்டாகவும், 1678 ஜிபி கறுப்புப் பட்டையோடு இன்னொரு துண்டாகவும் நிற்கிறது, அந்த இரண்டாவதில் ரைட் கிளிக் செய்தால் எல்லாமே மங்கலாக இருக்கிறது. டிஸ்க் பழுதா?

பதில் 1:
பழுதில்லை சார். முதல்முறை மாட்டியதும், டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் முறை பழைய எம்பிஆரா புதிய ஜிபிடியா என்று கேட்டிருக்கும், எம்பிஆரில் ஓகே கொடுத்திருப்பீர்கள். எம்பிஆர் செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு கட்டம்) எண்ணை 32 பிட்டில் எழுதி வைக்கிறது, அதாவது சுமார் 429 கோடி செக்டார்தான் எண்ண முடியும். ஒன்றுக்கு 512 பைட் வீதம் போட்டால் 2048 ஜிபியோடு கணக்கு முடிந்துவிடும். அதில் இன்னும் எதுவும் ஏற்றவில்லை என்றால் பார்ட்டிஷனை அழித்துவிட்டு, இடது பக்கம் 'டிஸ்க் 1' என்று இருக்கும் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து ஜிபிடிக்கு மாற்றுங்கள். போர்டில் யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) இல்லையே என்று பயப்பட வேண்டாம், ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆகத்தான் அது தேவை, உங்கள் விண்டோஸ் பழைய டிஸ்க்கிலிருந்துதானே பூட் ஆகிறது.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், 3726 ஜிபியும் ஒரே துண்டாக வந்துவிட்டது, ரொம்ப நன்றி! அப்புறம் ஒன்று, இதையே யுஎஸ்பி பெட்டியில் போட்டு வீட்டில் இருக்கும் எக்ஸ்பி லேப்டாப்பில் பார்க்கலாமா?

பதில் 2:
வேண்டாங்க. 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி படிக்கத் தெரியாது. சில யுஎஸ்பி பெட்டிகள் செக்டாரை 4096 பைட்டாகக் காட்டி எம்பிஆரிலேயே முழு டிஸ்க்கையும் எக்ஸ்பிக்குக் கொடுக்கும், அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு வருடம் அப்படி ஓட்டினேன், ஒரு நாள் பெட்டியின் பவர் போய்விட, டிஸ்க்கைக் கழற்றி நேராக சாட்டாவில் மாட்டினேன். அங்கே செக்டார் 512 என்று தெரியும், பார்ட்டிஷன் கணக்கு மொத்தமும் இடம் மாறிப்போகும். விண்டோஸ் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டது, நானும் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து சரி கொடுத்துவிட்டேன். அம்மாவின் பழைய படங்கள் அதில்தான் இருந்தன, பாதிதான் மீண்டன. அந்தக் கேள்வி வந்தால் தயவுசெய்து கேன்சல் கொடுங்கள், அதே மாடல் பெட்டி ஒன்றைத் தேடிப் போட்டுப் பாருங்கள், ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

பதில் 1:
டிஸ்க்கை நகர்த்தவே வேண்டாம் சார். லேப்டாப்பை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து லேன் கேபிளில் இணைத்து, விண்டோஸ் 7-இல் அந்த ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள். நெட்வொர்க் வழியாக வரும்போது எக்ஸ்பிக்கு ஃபைல்தான் தெரியும், அது எம்பிஆரா ஜிபிடியா என்ற பேச்சே வராது. ஒரே டிஸ்க்கை நம்பி நெகட்டிவ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
ஷேர் செய்து பார்த்தேன், லேப்டாப்பில் படங்கள் திறக்கின்றன. நெகட்டிவ் எல்லாம் தகர டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, இன்னொரு டிஸ்க் அடுத்த மாதம்.