பதில்: ஓவர்சைட்டுக்கு ‘மேற்பார்வை’ போதாது

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

காவல்துறைச் சீர்திருத்தப் பாடத்துக்கான சொற்பட்டியலில் பெரும்பாலானவை சண்டையில்லாமல் முடிந்துவிட்டன. எமர்ஜிங் டெமாக்ரசீசுக்குப் ‘புதிய மக்களாட்சிகள்’ என்றே போடலாம். ‘முகிழ்க்கும்’, ‘அரும்பும்’ எல்லாம் கவிதைக்கு ஆகட்டும். அக்கவுண்டபிலிட்டிக்கு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘பொறுப்புக்கூறல்’ இலங்கைப் பத்திரிகைகளில் நாள்தோறும் புழங்கும் சொல், அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். இழுபறியாக நிற்பது ‘சிவிலியன் ஓவர்சைட்’ ஒன்றுதான், அதாவது போலீஸ் செய்வதைத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் கவனித்துக் கேள்வி கேட்பது.

> ‘மேற்பார்வை’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

அண்ணாச்சி, சூப்பர்விஷனுக்கும் அதைத்தானே போட்டிருக்கிறோம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் பாதிப் பாடமும். நம் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஏட்டையாவிடம் கேட்டேன். அவருக்கு மேற்பார்வை என்றால் டி.எஸ்.பி. ஜீப்பில் வந்து இறங்குவது. ஸ்டேஷனைக் காலையிலேயே கூட்டித் தெளித்திருப்பார்கள், ஜி.டி. என்கிற ஸ்டேஷன் நாட்குறிப்பு அன்றைக்கு மட்டும் மணிவாரியாக எழுதியிருக்கும். அவர் நாலு பக்கம் புரட்டி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்புவார். அதில் தப்பொன்றும் இல்லை, எந்தத் துறைக்கும் அது வேண்டும். ஆனால் பார்க்கிறவரும் காக்கி, பார்க்கப்படுகிறவரும் காக்கி. ஓவர்சைட் செய்ய வருகிறவர் காக்கி போடாதவர். ‘ஏன் இப்படிச் செய்தீர்’ என்று அவர் கேட்டால் துறை பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கும்.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். நிறவெறி ஆட்சி போனபின் 1995-இல் போலீசின் பெயரோடு ‘சேவை’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள், ராணுவப் பாணிப் பதவிப்பெயர்களையும் மாற்றினார்கள். 2010-இல் அந்தப் பதவிப்பெயர்கள் திரும்ப வந்துவிட்டன. 2012 ஆகஸ்டில் மாரிக்கானாவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் 34 பேரை ஒரே நாளில் போலீஸ் சுட்டுக்கொன்றது. பெயரையும் பட்டையையும் மாற்றி என்ன பிரயோசனம் என்று சலிப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் உருப்படியாக ஒன்று மிஞ்சியது: காவலில் யாராவது இறந்தால் விசாரிக்க, போலீசுக்கு வெளியே ஓர் அமைப்பு. 1997-இல் அது தொடங்கியபோது பரிந்துரை அனுப்ப மட்டும்தான் முடிந்தது. துறை விரும்பினால் கேட்கும், இல்லையென்றால் அலமாரியில் வைக்கும். 2012-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரை வந்த 30 நாளுக்குள் துறை அதைத் தொடங்கியாகவேண்டும் என்றது. அந்த 30 நாள் விதியை ‘மேற்பார்வை’ என்ற சொல் தாங்காது.

பழைய சோவியத் நாடான ஜார்ஜியாவின் கதையை நீட்டவேண்டாம். 2004-இல் போக்குவரத்துப் போலீசைக் கூண்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஆள் எடுத்தார்கள், சாலையில் லஞ்சம் வெகுவாகக் குறைந்தது. வெளியாள் கேட்பதற்குத்தான் சரியான வழி வைக்கவில்லை.

> அரசியல்வாதி தலையிடுவதற்கு ஒரு கௌரவமான பெயர் தேடிக் கொடுக்கிறீர்களோ?

வக்கீல் அக்காவின் சந்தேகம் நியாயமானது. ‘இன்னாரைப் பிடி, இன்னாரை விடு’ என்று முன்கூட்டியே வரும் போனும், ‘ஏன் பிடித்தீர், ஏன் விட்டீர்’ என்று பிறகு எல்லாருக்கும் தெரிய வரும் கேள்வியும் வேறுவேறு. வட அயர்லாந்துப் போலீஸ் சீர்திருத்தத்துக்காக 1999-இல் அறிக்கை கொடுத்த பேட்டன் ஆணையம் இதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறது. போலீஸ் தலைவருக்குச் ‘செயல்பாட்டுச் சுதந்திரம்’ என்று எல்லாரும் சொல்லிவந்ததை மாற்றி, ‘செயல்பாட்டுப் பொறுப்பு’ என்று சொல்லவேண்டும் என்றது. முடிவு அவருடையது, அதில் யாரும் கட்டளையிடக் கூடாது. எடுத்த முடிவைப் பற்றிப் பிறகு யாரும் கேட்கக் கூடாது என்று மட்டும் அவர் சொல்ல முடியாது. அங்கேயும் ஒரு சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இனி நம்ம ஊர். 2006 செப்டம்பரில், போலீஸ் சீர்திருத்தம் கேட்டுத் தொடுத்த பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் போலீஸ் புகார் ஆணையம் வேண்டும், தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி இருக்கவேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் போட்டது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். இதற்கு ‘மேற்பார்வை’ என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தும். உச்ச நீதிமன்றம் கேட்டதற்குத்தான் பெயர் இல்லாமல் தவிக்கிறோம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குப் போனார். சிசிடிவி பதிவு அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைத்திருந்ததை அவர்தான் எழுத்தில் கொண்டுவந்தார். கடைசியில் ஸ்டேஷனையே வருவாய்த்துறை கையில் கொடுக்கச் சொன்னது கோர்ட். டி.எஸ்.பி., எஸ்.பி. என்று மேற்பார்வைக்கு ஆளா இல்லை? அந்த டிசம்பரில் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டேஷன் கேமராக்களைக் கவனிக்க மாவட்டந்தோறும் ஓர் ஓவர்சைட் குழு அமைக்கச் சொன்னது. அதில் கலெக்டர், எஸ்.பி.யோடு மேயரோ மாவட்ட ஊராட்சித் தலைவரோ இருக்கவேண்டும் என்றது. ஓட்டு வாங்கி வந்த ஒருவருக்கு அங்கே ஒரு நாற்காலி. சின்ன விஷயம்தான், ஆனால் திசை சரி.

சரி, சொல்லுக்கு வருவோம். அக்கா தந்த ‘மேல்காவல்’ பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பாளையக்காரர்கள் நம் பக்கத்தில் தேசகாவல், ஸ்தலகாவல் என்று காவல்வரி வசூலித்ததைப் படித்தவர்களுக்கு அது இன்னொரு வரி மாதிரி ஒலிக்கும். பழைய காவல் முறையில் ஒரு நல்ல விதி உண்டு: களவு போனது கிடைக்காவிட்டால் காவல்காரரே இழப்பை ஈடுகட்டவேண்டும். அதே முறையில்தான் திருடுபோன மாட்டைத் திரும்பப் பெறத் துப்புச் சொல்கிறவருக்குத் ‘துப்புக்கூலி’ கொடுத்ததும் நடந்தது. காவல் எந்தக் கையில் இருந்தது, யார் அடங்கி நடந்தார்கள் என்பதும் தெரிந்ததே. அந்தப் பெருமையை இங்கே கொண்டுவரவேண்டாம்.

என் முன்மொழிவு: கேள்விமுறை.

ஒருவன் அத்துமீறினால் ‘ஏலே, கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?’ என்கிறோம். ‘ஊருல ஒரு கேள்விமுறை கிடையாதா?’ என்கிறோம். வெளியே இருந்து கேட்பது, கேட்டால் பதில் வரவேண்டும் என்ற உரிமை, பதில் சரியில்லையென்றால் நடவடிக்கை, எல்லாம் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. பொறுப்புக்கூறல் போலீஸ் பக்கத்துக் கடமை, கேள்விமுறை நம் பக்கத்து உரிமை. இரண்டும் ஜோடியாக நிற்கும்.

இரண்டு ஆட்சேபங்கள் வந்தன. வினாத்தாள் முறை என்று மாணவர்கள் நினைப்பார்கள் என்றார் ஒருவர். ‘முறையிடு’ என்பதில் வரும் முறைதான் இது. உள்ளாட்சி மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனுக்கு அரசே ‘முறைமன்ற நடுவம்’ என்று பெயர் வைத்திருக்கிறது, அதனால் அந்தக் குடும்பத்தில் இதுவும் ஒட்டிக்கொள்ளும். ‘இல்லை’ என்பதோடு மட்டுமே புழங்கும் சொல் என்றது இரண்டாவது ஆட்சேபம். உண்மைதான். இருக்கிறது என்று சொல்ல இதுவரை பெரிதாக வாய்ப்பு வரவில்லை, வேறென்ன?

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்: சிவிலியன் ஓவர்சைட் – குடிமக்கள் கேள்விமுறை, ஓவர்சைட் கமிட்டி – கேள்விமுறைக் குழு, சூப்பர்விஷன் – மேற்பார்வை, மாற்றமில்லை. எடுத்துக்காட்டு வாக்கியம்: ‘அந்நாட்டுக் காவல்துறையில் மேற்பார்வை கடுமையாக இருந்தது, குடிமக்கள் கேள்விமுறை இருக்கவில்லை.’

அப்புறம், வெட்டிங்குக்கு யாரோ ‘களையெடுப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு அதிகாரியின் பழைய நடத்தையையும் தனித்தனியாகப் பார்த்து வைப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்வதுதான் வெட்டிங். களையெடுப்பு என்றால் ஜார்ஜியாக்காரர்கள் செய்ததுபோல் ஆகிவிடும். ‘நடத்தை ஆய்வு’ என்று தற்காலிகமாக மாற்றியிருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குவோம். ஏட்டையா, அதில் நீங்கள்தான் முதலில் எழுதவேண்டும்.