வாட்ச் காட்டும் கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா, விட்டுவிடலாமா?

காலைநடை_கோவை:
எனக்கு வயது 36, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. காலையில் ஒரு மணி நேரம், ஐந்து கிலோமீட்டர் போல வேகமாக நடக்கிறேன், வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் தவறும். கலோரி ஆப்பில் ‘ஓரளவு நடமாட்டம் உள்ளவர்’ என்று கொடுத்து, வாரம் அரை கிலோ குறைய வேண்டும் என்று போட்டேன், நாளைக்கு 1400 கலோரி என்றது. ஆனால் நடந்து முடித்ததும் வாட்ச் 380 கலோரி எரிந்ததாகக் காட்டுகிறது, ஆப் அதை அப்படியே கூட்டி இன்று 1780 வரை சாப்பிடலாம் என்கிறது. வீட்டுக்காரர், உழைத்தது உன் கணக்குதானே, சாப்பிடு என்கிறார். ஜிம் கோச் ஒரு கலோரிகூடத் திரும்பச் சாப்பிடக் கூடாது என்கிறார். சாப்பிட்டால் எடை அசையவே இல்லை. சாப்பிடாமல் விட்டால் சாயங்காலம் பசி தாங்கவில்லை, ராத்திரி முறுக்கு டப்பாவைத் திறந்துவிடுகிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

கணக்கன்:
ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. முதலில் அந்த 380-ஐப் பார்ப்போம். நடையில் கூடுதலாகச் செலவாகும் சக்தி, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை கலோரி. உங்கள் 74 கிலோவுக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் 185 கலோரிதான் வரும். மீதி எங்கிருந்து வந்தது என்றால், அந்த ஒரு மணி நேரம் நீங்கள் சும்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் உடம்பு 70 கலோரிக்கு மேல் செலவழித்திருக்கும், பல வாட்ச்கள் அதையும் சேர்த்தே காட்டும். அதற்கு மேல் இருப்பது வாட்ச் கூட்டிச் சொல்வது. 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை 6 கருவிகள் நன்றாகவே அளந்தன, ஆனால் கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27% தவறியது, மோசமானது 93%. அதனால் கலோரி விஷயத்தில் வாட்சை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள்.

அடுத்து, இதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். எடை, உயரம், வயதை வைத்துக் கணக்குப் போடும் மிஃப்ளின் சூத்திரப்படி, படுத்தே கிடந்தாலும் உங்கள் உடம்புக்கு நாளைக்குச் சுமார் 1390 கலோரி வேண்டும். உட்கார்ந்த வேலைக்கு அதை 1.2-ஆல் பெருக்கினால் 1660 சொச்சம், நடையின் 185-ஐச் சேர்த்தால் 1850. நீங்கள் ஆப்பில் ‘ஓரளவு நடமாட்டம்’ என்று கொடுத்தபோதே 1.375-ஆல் பெருக்கி 1900 என்று எடுத்துக்கொண்டு, வாரம் அரை கிலோ குறைய அதில் 500-ஐக் கழித்துத்தான் அது 1400 சொன்னது. அதாவது உங்கள் நடை அந்த 1400-க்குள்ளேயே வந்தாயிற்று. வாட்ச் வழியாக இன்னொரு தடவையும் கூட்டுகிறீர்கள். 1780 சாப்பிட்டால் மிச்சம் வெறும் 70 கலோரி, அது ஒரு கரண்டி எண்ணெயில் போய்விடும்.

வாட்ச்சுக்கும் ஆப்புக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டு, நடந்த நாளும் நடக்காத நாளும் ஒரே எண்ணாக 1500 வைத்துக்கொள்ளுங்கள். 1400 உங்களுக்கு ராத்திரி முறுக்கில்தான் போய் முடிகிறது என்பதால் கொஞ்சம் தாராளமாகவே சொல்கிறேன். தினம் காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எழுதுங்கள். நாலு வாரம் கழித்து வாரத்துக்குக் கால் கிலோ இறங்கியிருந்தால், உங்கள் உண்மையான பற்றாக்குறை நாளைக்குச் சுமார் 275 கலோரி என்று அர்த்தம் (ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 என்ற கணக்கு). எந்த வாட்ச்சையும்விட அந்த எண்தான் உங்களுடையது. மாதவிடாய்க்கு முந்தின வாரம் நீர் கோத்து எடை ஏறும், அதைப் பார்த்துச் சாப்பாட்டை வெட்டாதீர்கள், போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுக்களை_ராணி:
கணக்கன் சொன்ன அந்தக் கரண்டி எண்ணெய்க்கு வருகிறேன், ஏனென்றால் நம் சமையலில் கலோரி ஒளிந்திருக்கும் இடம் அதுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஆப்பில் ‘கத்தரிக்காய் பொரியல் ஒரு கப்’ என்று போட்டால் அது யார் வீட்டுப் பொரியலோ தெரியாது. தினம் அளந்து ஊற்ற முடியாவிட்டால், எண்ணெய் பாக்கெட் பிரிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8200 கலோரி. நாலு பேர் வீட்டில் எட்டு நாளில் அது தீர்ந்தால் தலைக்கு நாளைக்கு 250-க்கு மேல், நீங்கள் நடந்து எரித்ததைவிட அதிகம். அதில் எவ்வளவு ஆப்பில் ஏறுகிறது என்று பாருங்கள்.

சாயங்காலப் பசிக்கு, நாலு மணிக்கே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ ரெண்டு அவித்த முட்டையோ 1500-க்குள் இடம் ஒதுக்கிச் சாப்பிட்டுவிடுங்கள். காலையில் இட்லி சட்னி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று போனால் புரதம் ரொம்பக் குறைவு, பசிக்கத்தான் செய்யும்.

ஞாயிறு_சைக்கிள்:
மேலே சொன்னது ஒரு மணி நேர நடைக்குச் சரி. ஆனால் ‘ஒரு கலோரிகூடத் திரும்பச் சாப்பிடக் கூடாது’ என்று கோச்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஓட்டத்தில் கிலோவுக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி போகும். 70 கிலோ ஆள் 10 கிலோமீட்டர் ஓடினால் 700. அதைத் தினமும் திரும்பப் போடாமல் 1400-இல் இருந்தால் தூக்கம் கெடும், காயம் ஆறாது, பெண்களுக்கு மாதவிடாயே நின்றுபோகலாம், எலும்பும் தேயும். எங்கள் குழுவில் நீண்ட தூரம் போகிற நாளில் செலவில் பாதியாவது அன்றைக்கே சாப்பிடச் சொல்கிறோம், வழியிலேயே வாழைப்பழம், கடலை மிட்டாய் என்று. அப்படிச் சாப்பிடாதவர்தான் மறுநாள் கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடுகிறார்.

காலைநடை_கோவை:
ரொம்ப நன்றி. நடையை ஆப் ரெண்டு தடவை கூட்டுகிறது என்று யாருமே சொன்னதில்லை, இன்றைக்கே இணைப்பை எடுத்துவிட்டேன். ஒரு சின்ன சந்தேகம். அம்மாவும் என்னோடு நடக்க வருகிறார், வயது 63, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். அவருக்கும் இதே மாதிரி ஒரு எண் வைக்கலாமா?

கணக்கன்:
வேண்டாம், அவருக்கு நீங்களாக எண் வைக்காதீர்கள். என்ன மாத்திரை என்று முதலில் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை இறங்கிவிடும் பயம் குறைவு. கிளிமிபிரைடு மாதிரி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ இன்சுலினோ என்றால் சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டும்போது சர்க்கரை சட்டென்று 70-க்குக் கீழே போகலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், அதுவரை அவர் சாப்பாடு வழக்கம்போல இருக்கட்டும். நடக்கும்போது பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும். வியர்த்து, கை நடுங்குகிறது என்றால் உடனே உட்காரவைத்து மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.