புதுப்பிப்பு: பாம்பன் கணக்குக் கணினி எழுந்துவிட்டது

பாம்பனில் எங்கள் மீன் கொள்முதல் கொட்டகையில், பலத்த காற்றில் மின்சாரம் போனதும் லினக்ஸ் கணினி கருந்திரையோடு நின்றுவிட்டது என்று போன வாரம் எழுதியிருந்தேன். முறையாக அணைக்கவில்லை என்பது அதற்கு எப்படித் தெரிகிறது என்றும் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

எழுதுவதற்காக வட்டைத் திறக்கும்போதே, எக்ஸ்ட்4 கோப்பமைப்பின் (லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) சூப்பர்பிளாக்கில், அதாவது அதன் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதியில், 'மீட்பு தேவை' என்ற அடையாளம் விழுந்துவிடுகிறது. ஒழுங்காக அணைத்தால் கடைசி வேலையாக அது அழிக்கப்படும். திடீரென்று மின்சாரம் போனால் அழிக்க நேரமேது? மறுமுறை எழும்போது அடையாளம் அப்படியே இருக்கிறது. விண்டோஸின் கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ்ஸிலும் இப்படி ஒரு குறி உண்டு.

அடுத்து ஜர்னல், அதாவது வட்டில் செய்யப்போகும் மாற்றங்களைக் கோப்பமைப்பு முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு. ஏலத்தில் நாங்கள் முதலில் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவோம் அல்லவா, அதே முறைதான். மறுமுறை எழும்போது கணினி தன் சிட்டையான ஜர்னலில் முழுமையாக இருப்பதை மீண்டும் ஏற்றும், அரைகுறையை விட்டுவிடும். பெரும்பாலும் சில நொடி வேலை.

எனக்கு அது போதவில்லை. மூடியைக் கழற்றினால், வட்டுக்கு மின்சாரம் போகும் முனையில் உப்புக்காற்றின் பச்சைக் களிம்பு! துடைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி எஃப்எஸ்சிகே என்ற கோப்பமைப்புச் சோதனை நிரலை ஓட்டினேன். பயன்பாட்டில் இருக்கும் வட்டின்மேல் இதை ஓட்டவே கூடாது, தரவு பாழாகிவிடும்.

சோதனையில் மீட்ட, இடம் தெரியாத கோப்புகள் போய்ச் சேரும் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில் ஒரே கோப்பு, பெயருக்குப் பதில் வெறும் எண். திறந்தேன்: அன்றைய நண்டு எடைப் பட்டியல், கடைசி வரிகள் இல்லை. ஜர்னல் வழக்கமாகக் காப்பது கோப்பமைப்பின் கட்டுக்கோப்பைத்தான், நாம் எழுதிய வரிகளை அல்ல. விடுபட்ட எடைகளை ஏலச் சிட்டையைப் பார்த்து ஏற்றிவிட்டேன். மின்சாரம் போனாலும் கணினியைச் சிறிது நேரம் ஓட்டும் யுபிஎஸ் நாளை வருகிறது.